‘ஜிப்மருக்கு எழுதிக் கொடுங்க’: டாக்டர் வேலை, டாக்டர் படிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உதவி மருத்துவராக இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது திருப்பாதிரிப்புலியூர். வாக்கப்பட்டது புதுச்சேரி முதலியார்பேட்டை. தினமும் முள்ளோடை எல்லையைத் தாண்டித்தான் வேலைக்கு வந்து போகிறேன். அதனால் இரண்டு பக்கத்துச் சொந்தமும் என்னைப் பிடித்துக்கொள்ளும். அம்மா வீட்டுக் கல்யாணப் பந்தியில் ஒரு பெரியப்பா, மாமியார் வீட்டு வளைகாப்பில் ஒரு சின்னம்மா, ஓ.பி.யில் சர்க்கரை மாத்திரை வாங்க வந்த தாத்தா என்று ஆளாளுக்கு ஒரு கேள்வி. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைக்கிறேன்.

டாக்டர் நாள் முழுக்க என்னதான் செய்வார்?

பெரும்பாலும் கேட்பார், தொட்டுப் பார்ப்பார், எழுதுவார். ஓ.பி. தொடங்கும்போதே வராண்டா நிரம்பியிருக்கும். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்கள், மூக்கு ஒழுகும் பிள்ளைகள், நடவு முடிந்து இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், முந்திரிக் கொட்டை உடைத்துக் கை வெந்துபோன பெண்கள். கொட்டைத் தோட்டிலிருக்கும் எண்ணெய் தோலை அப்படியே பொசுக்கிவிடும். பண்ருட்டி சுற்றுவட்டாரத்தில் வேலை பார்க்கும் டாக்டர்கள் எல்லோருக்கும் அந்தக் கைகளைத் தெரியும். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள். புதன்கிழமை தடுப்பூசி, அன்றைக்குக் கட்டடமே அழும்.

நடுவில் ஒருவர் பைக்கில் விழுந்து வருவார். தையல் போடப் பத்து நிமிஷம். அதற்கப்புறம் விபத்துப் பதிவேடு, நாங்கள் ஏ.ஆர். என்போம், அதை எழுத இருபது நிமிஷம். காயம் எத்தனை சென்டிமீட்டர், எந்தப் பக்கம், கூட வந்தவர் யார், எத்தனை மணிக்கு, உடம்பில் அங்க அடையாளம் எங்கே. மூன்று வருஷம் கழித்துக் கோர்ட்டிலிருந்து சம்மன் வரும். “இடது முழங்கைன்னு எழுதியிருக்கீங்களே, வலது இல்லையா?” என்று வக்கீல் மடக்குவார். ஆளின் முகம்கூட ஞாபகம் இருக்காது. அன்றைக்கு எழுதியதுதான் துணை.

டாக்டர் வேலை என்ன என்று ஒரே வார்த்தையில் கேட்டால் கையெழுத்து என்பேன். ஊசி என்னைவிட எங்கள் சிஸ்டர் நன்றாகப் போடுவார். பி.பி. பார்க்க யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். ‘இவருக்கு வந்திருப்பது இது, மருந்து இது, இவர் வீட்டுக்குப் போகலாம், அவர் போகக் கூடாது’ என்று முடிவு செய்து அதன் அடியில் பேர் போடுகிறவர்தான் டாக்டர். பிசகினால் அந்தப் பேரைத் தேடித்தான் வருவார்கள்.

ஊசி போட்டால்தானே சீக்கிரம் சரியாகும்?

சாதாரண சளிக் காய்ச்சல் ஊசி போட்டால் ஒரு வாரத்தில் சரியாகும், போடாவிட்டால் ஏழு நாளில் சரியாகும். ‘ஊசி போடாத டாக்டரம்மா’ என்று எனக்கு ஊரில் பேரே உண்டு. அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

பாம்பு கடித்து அழைத்து வந்தால் உடனே மருந்து ஏற்றாமல் இருபது நிமிஷம் உட்கார வைக்கிறீர்களே, ஏன்?

இந்தக் கேள்வியைக் கோபமாகத்தான் கேட்பார்கள். நியாயமான கோபம். ஒரு கேஸைச் சொன்னால் விளங்கும்.

முந்திரி பொறுக்கும் காலம், ஒரு சாயங்காலம். நாற்பது வயது இருக்கும் அந்த அக்காவுக்கு. சருகுக்குள் கை விட்டபோது வலது கட்டைவிரலில் கடித்திருக்கிறது. முழங்கைக்குக் கீழே கயிறு இறுக்கிக் கட்டிக் கை நீலம் பாரித்திருந்தது. அவர் வீட்டுக்காரர் கையில் மஞ்சள் பை, அதற்குள் அடித்த பாம்பு. (தயவுசெய்து பாம்பைக் கொண்டு வராதீர்கள். எங்களுக்கு அது தேவையில்லை. அதை அடிக்கப் போய் இரண்டாவது கடி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.)

முதலில் வளையலையும் மோதிரத்தையும் கழற்றினோம், கை வீங்கிய பிறகு கழற்ற முடியாது. அடுத்து மற்றக் கையில் வென்ஃப்ளான், அதாவது நரம்பில் மருந்து ஏற்றச் செருகும் குழாய். கயிற்றை அப்போது அவிழ்க்கவில்லை. சட்டென்று அவிழ்த்தால் தேங்கி நின்ற விஷம் ஒரே மூச்சில் ஏறும், அதனால் மருந்தெல்லாம் பக்கத்தில் வந்த பிறகு மெல்லத் தளர்த்த வேண்டும். பிறகு இரண்டு மில்லி ரத்தம் எடுத்துப் புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, நேரத்தைச் சீட்டில் எழுதினேன். இனி இருபது நிமிஷம் அதைத் தொடக் கூடாது, ஆட்டக் கூடாது. சோப்பு போட்டுக் கழுவிய குழாய் என்றால் நல்ல ரத்தமே உறையாமல் போய் ஏமாற்றும், அதனால்தான் புதுக் குழாய்.

இருபது நிமிஷம் கழித்துக் குழாயை ஒரே ஒரு தடவை சாய்ப்போம். ரத்தம் ஜெல்லி மாதிரி உறைந்து நின்றால் விஷம் ரத்தத்தைப் பிடிக்கவில்லை. தண்ணீர் மாதிரி ஓடினால் பிடித்துவிட்டது. பெரும்பாலும் விரியன் வேலை.

பார்க்கிறவர்களுக்கு நான் சும்மா நிற்பது போலத்தான் தெரியும். அந்த நேரம் முழுக்க நான் பார்த்தது அவருடைய கண் இமையை. “மேலே பாருங்கக்கா. இன்னும் மேலே.” இமை சரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ அது நல்ல பாம்பு, கட்டுவிரியன் ரகம். அப்போது குழாய்க்காகக் காத்திருக்க மாட்டோம், உடனே மருந்து.

எல்லோருக்கும் வந்தவுடனே ஏற்றிவிட்டால் என்ன? விஷமுறிவு மருந்து குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷம் கொடுத்து, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. சிலருக்கு அந்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல் பி.பி. விழுந்து உயிருக்கு ஆபத்தாகும். கடித்த பாம்பெல்லாம் விஷப் பாம்பும் இல்லை, விஷப் பாம்பு கடிக்கும்போதெல்லாம் விஷத்தை இறக்குவதும் இல்லை. மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், 1978 முதல். அத்தனை பேர் உழைப்பில் வரும் குப்பி அது.

அன்றைக்கு ரத்தம் ஓடியது. பத்துக் குப்பி கலந்து ஏற்றத் தொடங்கினோம். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலினைச் சிரிஞ்சில் தயாராக வைத்திருந்தேன். அது ஓட ஓட 108-இல் ஏற்றினோம். சீட்டில் கடித்த நேரம், குழாய் சோதனையின் முடிவு, ஏற்றிய குப்பி எண்ணிக்கை, கீழே என் பேர். பதினைந்து நாள் கழித்துக் கட்டு மாற்ற வந்தார். இப்போதும் சருகைக் கையால்தான் தள்ளுகிறாராம். திட்டினால் சிரிக்கிறார்.

உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாமல் அழைத்து வாருங்கள்.

எதற்கெடுத்தாலும் ஜிப்மருக்கு எழுதிக் கொடுப்பது ஏன்? (அல்லது) கேட்டாலும் எழுதித் தர மாட்டேன் என்பது ஏன்?

இரண்டு கேள்வியும் ஒரே நாளில் வரும், சில நாள் ஒரே ஆளிடமிருந்து. கடலூர், விழுப்புரம் மாவட்டத்துச் சனங்களுக்குக் கோரிமேடு, அதாவது புதுச்சேரியில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனை, என்றாலே ஒரு நம்பிக்கை. அதற்கு வயதும் அதிகம். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் வேர். 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது, 1964-இல் ஜிப்மர், 2008-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால் தலைவலிக்கும் அங்கேயே போக ஆசைப்படுகிறார்கள். தலைவலிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், வரிசையில் நின்று தலைவலி கூடும்.

எங்கள் கையில் தீருவதை இங்கேயே தீர்க்க வேண்டும். தீராததைத் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும். எது எந்த வகை என்று முதல் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துகொள்ளத்தான் அத்தனை வருஷப் படிப்பு.

டாக்டர் கையெழுத்து ஏன் யாருக்கும் புரிவதில்லை?

அவசரம், சோம்பல். வேறு காரணம் கிடையாது. மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதி போட்டுவிட்டது. புரியாத சீட்டைத் திருப்பி நீட்டி “என்னன்னு எழுதியிருக்கீங்க?” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. என்னிடமும் கேளுங்கள்.

டாக்டருக்குப் படிக்கப் பிளஸ் டூவில் என்ன குரூப்?

இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். உயிரியலுக்குப் பதில் தாவரவியல், விலங்கியல் தனித்தனியாகவும் இருக்கலாம். பிளஸ் டூவில் இந்தப் பாடங்களில் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதமும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் வேண்டும். சேரும் வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். மேல் வயது வரம்பு இப்போது இல்லை.

நீட்டில் என்ன கேட்பார்கள்? தமிழில் எழுதலாமா?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், நான் நீட் எழுதியவள் இல்லை. 2009-இல் சேர்ந்தேன். அப்போது பிளஸ் டூ மதிப்பெண்தான், உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100, ஆக 200-க்குக் கட்-ஆஃப். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு நீட் வந்தது 2017-இல். அது சரியா தவறா என்று வீட்டில் என் கணவரோடு சண்டை போட்டிருக்கிறேன், இங்கே வேண்டாம். இன்றைக்கு அந்தக் கதவைத் திறந்துதான் உள்ளே போக வேண்டும்.

மூன்று மணி நேரம், 180 கேள்வி, 720 மதிப்பெண். உயிரியலில் 90, இயற்பியலிலும் வேதியியலிலும் 45, 45. சரியானால் 4, தப்பானால் 1 கழியும். உயிரியல்தான் பாதி என்பதை மறந்து இயற்பியலோடு மல்லுக்கட்டி வருஷத்தை ஓட்டும் பிள்ளைகள் நிறைய.

தமிழிலும் எழுதலாம். தமிழ்க் கேள்வித்தாளில் ஆங்கிலமும் கூடவே இருக்கும், இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் ஆங்கிலம்தான் செல்லும். இது வெறும் சட்டப்பேச்சு இல்லை. 2018-இல் 49 கேள்விகளில் தமிழ் மொழிபெயர்ப்பு தவறு என்று வழக்குப் போய், 196 மதிப்பெண் தரச் சொன்னது மதுரை உயர் நீதிமன்றக் கிளை. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதனால் தமிழில் எழுதுகிற பிள்ளை கலைச்சொல்லை ஆங்கிலத்திலும் அடையாளம் காணப் பழக வேண்டும்.

நீட் ‘பாஸ்’ ஆகிவிட்டாள். சீட் கிடைத்த மாதிரிதானே?

இல்லை, இல்லை, இல்லை. ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்ற ஒரு மாமாவிடம் இதைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தகுதி என்பது எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேலே இருந்தால் கிடைப்பது, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு இன்னும் குறைவு. அது வரிசையில் நிற்க அனுமதி. சீட்டைத் தருவது தர வரிசை. போன வருஷம் உங்கள் பிரிவில், உங்கள் மாநிலத்தில், கடைசியாக எந்த மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரி இடம் போனது என்று பாருங்கள், அதுதான் கணக்கு.

கடலூர்ப் பிள்ளை புதுச்சேரியில் சேரலாமா? புதுச்சேரிப் பிள்ளை சிதம்பரத்தில் சேரலாமா?

எங்கள் இரு குடும்பத்தையும் குழப்பியடிக்கும் கேள்வி இதுதான். வைத்தியத்துக்கு எல்லை கிடையாது, சீட்டுக்கு உண்டு.

அரசுக் கல்லூரி இடங்களில் 85 சதவீதம் அந்தந்த மாநிலத்துக்கு, 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சென்னையில் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்தும். சிதம்பரத்தில் 1985-இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி, அதன் இடங்கள் இந்த வரிசையில் வரும். புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு சென்டாக், அதாவது அங்கே சேர்க்கை நடத்தும் அரசுக் குழு. கதிர்காமத்தில் 2010-இல் தொடங்கிய இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி அதில் வரும். அங்கே புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என்று பிராந்திய வாரியாகவும் பங்கு உண்டு.

ஜிப்மர் தனி. 2019 வரை அதற்கென்று தனி நுழைவுத் தேர்வு இருந்தது, 2020 முதல் நீட். இடங்களை நிரப்புவது டெல்லியின் எம்.சி.சி., அதாவது மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு. அதில் புதுச்சேரிக்காரர்களுக்கு என்று ஒரு பங்கு உண்டு. முள்ளோடைக்கு இந்தப் பக்கம் வீடு என்றால் அந்தப் பங்கு கிடையாது, நாடு முழுக்கப் போட்டியிடும் இடங்களில்தான் நிற்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போனால் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் சாலை ஓரத்திலேயே பெரிய மருத்துவக் கல்லூரிகள். வீட்டிலிருந்தே போய் வரலாம் போல இருக்கும். இரண்டும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக் கல்லூரிகள் என்பதால் சென்னைக் கலந்தாய்விலும் வராது, சென்டாக்கிலும் வராது, எம்.சி.சி.யில்தான் வரும்.

இருப்பிடச் சான்று விஷயம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டில் படித்தவர்களிடம் தமிழ்நாட்டுத் தேர்வுக் குழு பிறப்பிடச் சான்று கேட்காது. நடுவில் புதுச்சேரிப் பள்ளியில் ஒரு வருஷம் படித்திருந்தாலும் சான்று வேண்டும். எல்லையோரக் குடும்பங்களில் இது சர்வசாதாரணம், பிள்ளை பாகூர்ப் பள்ளியில் இருக்கும், ரேஷன் கார்டு கடலூரில் இருக்கும். இரண்டு பக்கமும் சான்று வாங்கி இரண்டிலும் விண்ணப்பிக்கும் சாமர்த்தியம் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பிலேயே எந்தப் பக்கம் என்று முடிவு செய்து காகிதத்தைச் சரி செய்யுங்கள். பயிற்சி மையத்துக்கு அட்வான்ஸ் கட்டுவதைவிட இது அவசரம்.

அரசுப் பள்ளியில் படித்தால் தனி ஒதுக்கீடு உண்டாமே?

உண்டு. தமிழ்நாட்டில் 2020-இல் சட்டம் போட்டு 7.5 சதவீதம் கொடுத்தார்கள். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது, பல பெற்றோர் கோட்டை விடும் இடம் இது. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டும். புதுச்சேரியில் 2023 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 10 சதவீதம். நான் அரசுப் பள்ளிக்காரி என்பதால் இதைப் பற்றி என்னிடம் நடுநிலையான கருத்தை எதிர்பார்க்காதீர்கள்.

நீட் விண்ணப்பத்தில் எம்.பி.சி. என்ற கட்டமே இல்லையே?

அது மத்திய அரசின் படிவம். பி.சி., எம்.பி.சி. பிள்ளைகள் மத்தியப் பட்டியலில் சாதி இருந்து, கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராவிட்டால் ஓ.பி.சி. என்று போட வேண்டும், இல்லாவிட்டால் பொது. மாநிலக் கலந்தாய்வில் உங்கள் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றைத்தான் பார்ப்பார்கள், அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் எம்.சி.சி.யில் ஓ.பி.சி. இடம் கேட்க அதற்கென்று தனிச் சான்று வேண்டும். கலந்தாய்வுக்கு முதல் நாள் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்காதீர்கள்.

எவ்வளவு செலவாகும்?

அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் ஆயிரங்களில். தனியாரில் லட்சங்களில். நிகர்நிலையில் ஆண்டுக்கு இருபது லட்சத்தைத் தாண்டும் இடங்கள் உண்டு, நாலரை வருஷத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் கோடியைத் தொடும். வீட்டையும் கொல்லையையும் விற்று அதைக் கட்டினால், சம்பாதிக்கத் தொடங்கியதும் அந்தப் பிள்ளையின் பேனா எதை எழுதும் என்றும் யோசியுங்கள். தேவையில்லாத ஸ்கேன்கள் பலவற்றுக்குப் பின்னால் ஒரு கடன் கணக்கு இருக்கிறது.

தமிழ் வழியில் படித்தவள். எம்.பி.பி.எஸ். ஆங்கிலத்தில் தாக்குப் பிடிப்பாளா?

நான் பிடித்தேனே. முதல் மூன்று மாதம் நரகம், சந்தேகமே இல்லை. கழுத்து எலும்பு, தொடை எலும்பு என்று படித்தவளிடம் ஓர் எலும்பின் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் லத்தீன் பேர் கேட்டார்கள். வகுப்பில் சிரிப்பவர்கள் சிரித்தார்கள்.

கை கொடுத்தது ஒரு ‘போன் செட்’, அதாவது படிப்பதற்கான எலும்புத் தொகுப்பு. சீனியர் அக்கா ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கிய எலும்புகள், ஒரு ஃபீமர் (தொடை எலும்பு), ஒரு இடுப்பெலும்பு, முதுகுக் கண்ணிகள் என்று ஒரு சாக்குப் பை. லீவில் வீட்டுக்கு எடுத்து வந்து கட்டிலுக்கடியில் வைத்தேன். விஷயம் தெரிந்ததும் ஆயா (என் பாட்டி) கூடத்தில் படுக்க மாட்டேன் என்று திண்ணைக்குப் போய்விட்டார். “யார் பெத்த பிள்ளையோ” என்று அந்தப் பைக்கு முன்னால் ஒரு சூடம் ஏற்றினார். இரண்டு நாள் கழித்து நான் ஃபீமரைக் கையில் வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், “இது எந்தக் கால்?” என்று கேட்டார். இடது என்றேன். எப்படித் தெரியும் என்றார். பந்து மாதிரி இருக்கும் தலை உள்பக்கம் பார்க்கும், வளைவு முன்பக்கம் தள்ளும் என்று தமிழில் சொன்னேன். அவருக்குப் புரிந்தது, அதைவிட எனக்குப் புரிந்தது. அதற்கப்புறம் எல்லாவற்றையும் முதலில் ஆயாவுக்குச் சொல்வது போலத் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். இன்றைக்கு ஓ.பி.யில் அதுதான் சோறு போடுகிறது. ‘இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்’ என்று எந்த அம்மாவிடமும் சொல்ல முடியாது.

அஞ்சரை வருஷமும் என்னதான் படிப்பார்கள்?

படிப்பு நாலரை, பயிற்சி ஒன்று. முதலாண்டில் உடம்பு சரியாக இருக்கும்போது எப்படி இருக்கிறது: உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல். உடற்கூறு என்றால் உடல் தானம் செய்தவர்களின் உடலை அறுத்துப் படிப்பது. ஃபார்மலின் வாடை கண்ணை எரிக்கும், கையைவிட்டுப் போகாது. ஒரு வாரம் தயிர்ச் சோற்றை ஸ்பூனில் சாப்பிட்டேன்.

இரண்டாமாண்டில் உடம்பு எப்படிக் கெடுகிறது: நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல். அப்போதே வார்டுக்கும் போகத் தொடங்குவார்கள். அதற்கப்புறம் சமூக மருத்துவம், சட்டம் சார்ந்த மருத்துவம், கண், காது மூக்கு தொண்டை. கடைசியில் பெரிய பாடங்கள்: பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தைகள் நலம், எலும்பு. புத்தகத்தைக் காட்டிலும் நோயாளியின் கட்டில் பக்கத்தில் நிற்பதில்தான் தேறுவார்கள். சேர்ந்ததிலிருந்து ஒன்பது வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் இடம் போய்விடும்.

ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. லாயக்கில்லையா?

முதல் தடவை ஆபரேஷன் தியேட்டரில் நின்றபோது நானும் விழுந்தேன். மாஸ்க், வெக்கை, காலையில் சாப்பிடாதது. சிஸ்டர் ஒருவர் ஓரமாக உட்கார வைத்து, “அடுத்த தடவை இட்லி தின்னுட்டு வாம்மா” என்றார். ரத்தம் பழகிவிடும். பழகக் கூடாதது வேறு சில உண்டு. “அவரு கண்ணு முழிச்சிடுவாரா டாக்டர்?” என்று வாசலில் ஒரு சின்னப் பெண் கேட்கும்போது வயிற்றில் விழும் அந்த அடி எனக்கு இன்னும் பழகவில்லை.

ஹவுஸ் சர்ஜன் என்றால் யார்? அவர்கள் டாக்டரா, மாணவரா?

இரண்டும். கடைசித் தேர்வு முடிந்து ஒரு வருஷம் ஒவ்வொரு துறையாகச் சுற்றுபவர்கள். தமிழ்நாட்டில் நாங்கள் சி.ஆர்.ஆர்.ஐ. என்போம். ரத்தம் எடுப்பது, ரத்த வங்கிக்கு ஓடுவது, கேஸ் ஷீட் எழுதுவது, நடு ராத்திரியில் சீஃபை (மூத்த டாக்டரை) எழுப்பலாமா வேண்டாமா என்று திண்டாடுவது. தூங்காத கண்ணோடு வார்டில் ஓடும் பிள்ளைகள் பெரும்பாலும் அவர்கள்தான், கொஞ்சம் பொறுமையாகப் பேசுங்கள்.

அது முடிந்து மாநில மருத்துவக் கவுன்சிலில் நிரந்தரமாகப் பதிவு செய்ததும் ஓர் எண் கிடைக்கும். அதன் பிறகுதான் தனியாகக் கையெழுத்துப் போடலாம். என் முதல் தனிக் கையெழுத்துகள் 2015 வெள்ளத்தின்போது கடலூரில் ஒரு முகாமில் விழுந்தன. எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க, தண்ணீரில் நின்று வேலை செய்தவர்களுக்கு வாரம் ஒரு தடவை டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம். ரப்பர் ஸ்டாம்ப் இன்னும் செய்யவில்லை. ஒவ்வொரு சீட்டிலும் பேரையும் பதிவு எண்ணையும் கையால் எழுதி எழுதி அன்றைக்கு எண் மனப்பாடமானது.

வெளிநாட்டில் படித்தால் சுலபமாமே?

சேருவது சுலபம், திரும்புவது கஷ்டம். போகும் முன்பே நீட்டில் தகுதி வேண்டும். 2021 விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்யும் தகுதி, எல்லாம் இருக்க வேண்டும். திரும்பி வந்து எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வை எழுதி 300-க்கு 150 எடுக்க வேண்டும், பிறகு இங்கே இன்னொரு வருஷப் பயிற்சி. ஏஜெண்ட் காட்டும் பனி பெய்த வளாகப் படத்தைப் பார்க்காதீர்கள். இந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கொடுக்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எம்.பி.பி.எஸ். மட்டும் போதுமா? பெண் பிள்ளைக்குக் கல்யாண வயது போய்விடாதா?

அரசுப் பணிக்கு எம்.பி.பி.எஸ். போதும், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுக்கும். எம்.டி., எம்.எஸ். என்றால் நீட் முதுநிலைத் தேர்வு, மூன்று வருஷம். ஜிப்மர், எய்ம்ஸில் முதுநிலைக்கு ஐ.என்.ஐ.-சி.இ.டி. என்ற தனி நுழைவுத் தேர்வு. அதற்கும் மேல் இதயம், நரம்பு என்றால் இன்னும் மூன்று வருஷம். பதினேழில் சேர்ந்தால் முப்பது பக்கத்தில் வந்துவிடும். தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு மாநில முதுநிலை இடங்களில் பாதி ஒதுக்கீடு, அந்த நம்பிக்கையில் நானும் இரண்டு பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்யாண வயதைப் பற்றி: 1912-இல் சென்னையில் டாக்டராகப் பட்டம் வாங்கிய முத்துலட்சுமி ரெட்டியும் அதற்கப்புறம்தான் கல்யாணம் செய்துகொண்டார். பெரியம்மாக்கள் கவலைப்பட வேண்டாம்.

எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. பல் மருத்துவம், சித்தா போகலாமா?

பிடித்துப் போனால் போகலாம். இரண்டுக்கும் நீட் வேண்டும். பி.டி.எஸ். பயிற்சியோடு ஐந்து வருஷம், சித்தா அஞ்சரை. ‘டாக்டர்’ என்ற பேருக்காக மட்டும் போனால் மூன்றாமாண்டில் கசந்துவிடும். நர்ஸிங், லேப், ரேடியாலஜி படித்தவர்கள் இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் ஒரு ராத்திரி ஓடாது என்பதையும் வீட்டில் சொல்லுங்கள்.

எத்தனை தடவை நீட் எழுதலாம்?

சட்டத்தில் கணக்கு இல்லை. என் கணக்கு: ஒரு வருஷம் வீட்டில் இருந்து திரும்ப எழுதட்டும். இரண்டாவது வருஷம் பிள்ளை தானாகக் கேட்டால் மட்டும். மூன்றாவது என்று அப்பா பேச்செடுத்தால், பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு அப்பாவிடம் பேச வேண்டும்.

சீட் கிடைத்துவிட்டது! எந்த ஸ்டெதஸ்கோப் வாங்கித் தரலாம்?

வாழ்த்துகள். முதலாண்டுக்குச் சாதாரணமானது போதும், பி.பி. பார்க்கத்தான் பயன்படும். விலை உயர்ந்ததை மூன்றாமாண்டில் வாங்கலாம், காது அப்போதுதான் தேறியிருக்கும். எதை வாங்கினாலும் குழாயில் பேர் எழுதி ஒட்டிவிடுங்கள். வார்டில் வைத்துவிட்டுத் திரும்பினால் இருக்காது. எனக்கு மூன்று போயிருக்கிறது.